முதல் கொம்பின் தாள்

எசென்குல் தன் சிம்பொனிகளைக் கேட்டதெல்லாம் பெரும்பாலும் சமையலறைக் கதவு வழியாகத்தான். அவர் உள்ளறையில் பென்சிலால் எழுதி முடித்த, எல்லா வாத்தியமும் சேர்ந்த முழுத்தாளை மனைவி ஜூரகான் சமையலறை மேசையில் விரித்துக்கொண்டு, வயலினுக்கு ஒரு தாள், செல்லோவுக்கு ஒரு தாள், புல்லாங்குழலுக்கு ஒரு தாள் என்று பிரித்து மையால் காப்பி எழுதுவாள். அந்தந்த வாத்தியத்தின் வரியை முணுமுணுத்துப் பாடிக்கொண்டேதான் எழுதுவாள். வாய் ஓடாவிட்டால் கை ஓடாது என்பாள். அறுபது பேர் சேர்ந்து அரை மணி நேரத்தில் வாசிப்பதை அவள் ஒருத்தி, நாளுக்கு ஒரு வாத்தியமாகப் பாடி முடிக்க இரண்டு மாதம் ஆகும். அவருடைய முதல் ஐந்து சிம்பொனிகளில் மூன்று மேடையே ஏறவில்லை. எழுதிய வருஷங்கள் அப்படி. பழைய யூனியன் கலைந்து நாட்டுக்கே புதுப்பெயர் வைத்துக்கொண்டிருந்தபோது சிம்பொனியை யார் தேடுவார்கள்? அந்த மூன்றையும் கேட்டவர்கள் உலகத்தில் இரண்டே பேர். பாடினவள் ஒருத்தி, கதவுக்கு இந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் ஒருவர்.

ஆறாவதற்கு மட்டும் அதிர்ஷ்டம் அடித்தது. எசென்குலுக்கு எழுபத்தைந்து வயது நிறைகிறது என்று யாரோ பில்ஹார்மோனிக் அரங்கில் நினைவுபடுத்தியிருக்கிறார்கள். மாஸ்கோவில் படித்துவிட்டு பிஷ்கேக்குக்குத் திரும்பி ஆர்கெஸ்ட்ராவை நடத்துகிற ரஹத், போனில் கூப்பிட்டுப் பிறந்தநாளுக்குப் புது சிம்பொனியையே வாசிக்கலாம் என்றான். நல்ல பையன். வாத்தியாரைக் கூப்பிடும் மரியாதையோடு 'அகாய்' போடாமல் ஒரு வாக்கியம் பேசமாட்டான்.

"அகாய், நீங்க பென்சில் தாளை அனுப்பிச்சுடுங்க, போதும். இங்க கம்ப்யூட்டர்ல ஏத்திட்டா எல்லார் தாளையும் அதுவே பிரிச்சுக் குடுத்துடும்."

ஜூரகான் மாவு பிசைந்த கையோடு வந்து போனருகில் குனிந்தாள்.

"தம்பி, உன் கம்ப்யூட்டர் பாடுமா?"

"பாடாது எஜே" என்றான், அக்கா என்கிற முறையில். "அடிக்கும், அவ்வளவுதான்."

"பாடாதது எப்படி எழுதும்? காப்பி இங்கிருந்து வரும். நீ நாற்காலியை மட்டும் எண்ணிப் போட்டு வை."

செப்டம்பரில் உட்கார்ந்தாள். நவம்பர் பிறந்து, ஊர்மேல் நிலக்கரிப் புகை கூரைபோட ஆரம்பித்தபோது ஹார்ன் என்கிற பித்தளைக் கொம்புகளின் தாள்களுக்கு வந்திருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் பெரிசாத் ஆட்டுக்கறியும், புளித்த குதிரைப்பாலான குமிஸ் பாட்டிலுமாக வந்தாள். கறியை வாங்கி வைத்த ஜூரகான், ஜன்னலைப் பார்த்து, "மேலேருந்து வர்றது வரும்போல இருக்கு. கத்துறதைக் கொண்டுபோய்க் குளிர்ல வை" என்றாள்.

மேலேருந்து வர்றது என்றால் மழை. மாமனார் பெயர் ஜம்கிர்சி; அவர்கள் மொழியில் ஜம்கிர் என்றால் மழை. வீட்டுக்கு வந்த மருமகள் கணவன் வீட்டுப் பெரியவர்கள் பெயரை வாயால் சொல்லக்கூடாது, அந்தப் பெயருக்குள் ஒளிந்திருக்கிற சொல்லையும் சொல்லக்கூடாது. கணவரின் அண்ணன் பெயர் கோய்சுமான், கோய் என்றால் ஆடு. அதனால் ஆடு 'கத்துறது' ஆனது. நகரத்தில் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? ஜூரகான் பார்த்தாள். நாற்பத்தைந்து வருஷமாக அவள் மழையை மழை என்றோ ஆட்டை ஆடு என்றோ சொன்னதில்லை. விருந்தாளிகள் சிரிப்பார்கள், அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

தேநீர் ஊற்றப்போனவள் அடுப்பருகே நின்று யோசித்தாள். "பெரிசாத், அந்தச் சுடுறதை எடு" என்றாள்.

பெரிசாத் கெட்டிலை எடுத்துக் கொடுத்தாள். அம்மா குளியலறைக்குப் போகும்வரை காத்திருந்து, அப்பாவின் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"அப்பா, நம்ம வீட்ல எந்தத் தாத்தாவுக்குக் கெட்டில்னு பேரு?"

எசென்குல் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார். "அவ பேசுறது எப்பவும் அப்படித்தானே."

"அப்படித்தான் அப்படித்தான்னு நாமளும் விட்டுட்டோம். போன வாரம் கரண்டி 'கிண்டுறது'. என் புருஷன் 'உசரமானவன்'. எல்லாம் மரியாதைக்குச் சொல்றாங்கன்னு நெனச்சேன். அப்பா, அவங்களுக்குப் பேரு வரல. முந்தாநாள் ஓஷ் பஜார்ல எறங்கத் தெரியாம பஸ்ஸுலயே கடைசி ஸ்டாப்புக்குப் போயிட்டாங்க. டிரைவர் எனக்குப் போன் பண்றான். உங்ககிட்ட சொன்னாங்களா?"

"சொல்லல."

"சொல்லமாட்டாங்க. டாக்டர்கிட்ட காட்டலாம்பா. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்காரு. இப்பவே போனா கொஞ்சமாவது நிறுத்தி வைக்கலாமாம்."

கதவு திறந்தது. ஜூரகான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். காது மட்டும் அவளுக்கு என்றைக்கும் பழுதானதில்லை.

"யாரை எங்க கூட்டிட்டுப் போறீங்க?"

"அம்மா, சும்மா ஒரு தடவை..."

"இந்த ஊர்ல எழுதின அத்தனை பேருக்கும் காப்பி எழுதினவ நான். செத்துப்போனவங்களுக்கும் எழுதியிருக்கேன். என் தாள்ல ஒரு சுரம் தப்புன்னு எவனாவது விரல் வச்சுக் காட்டட்டும். அன்னைக்குப் பேனாவைக் கீழ வச்சுட்டு, நீ சொல்ற டாக்டர்கிட்ட நானே செருப்பை மாட்டிக்கிட்டு வர்றேன்."

"அது என்னம்மா பேச்சு?"

"பேச்சு இதான். ஏய் கெழவா, நீ சாட்சி."

எசென்குல் தலையாட்டினார். வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால், அவருக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. கொம்புத் தாள்கள் முடியும்வரை டாக்டர் பேச்சு இல்லை. அவருக்கு வேறொன்றும் தெரிந்திருந்தது: சமையலறையில் முணுமுணுப்பு நிற்கிற நாளில் அவர் எழுதுவதும் நின்றுபோகும். போன வருஷக் கடைசியில் பித்தப்பை ஆபரேஷனுக்காக அவள் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அந்த ஒன்பது நாளும் வீடு வாய் செத்துக் கிடந்தது. பயந்துபோய் அவர் எழுதினதுதான் ஆறாவது சிம்பொனியின் மூன்றாம் பகுதி. தந்தி வாத்தியங்கள் எல்லாம் ஒரே இடத்தில் அசையாமல் நிற்க, முதல் கொம்பு மட்டும் இருபத்திரண்டு தாளக்கட்டம் தனியாக நடந்து போகும். யாரைத் தேடி என்று அவர் அவளிடம் சொல்லவில்லை.

பித்தளைக் கொம்பு ஒரு கிறுக்குப் பிடித்த வாத்தியம். அதன் தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அது கேட்காது. ஐந்து சுரம் தள்ளி, ஒரு பஞ்சமம் கீழேதான் கேட்கும். எசென்குல் முழுத்தாளில் கேட்கிறபடியே எழுதிவிடுவார். காப்பி எழுதுகிறவள்தான் ஒவ்வொரு சுரத்தையும் பஞ்சமம் மேலே தூக்கி எழுதவேண்டும். வாய் ஒரு சுரத்தைப் பாட, கை வேறொரு சுரத்தை எழுதவேண்டும். ஜூரகானுக்கு அது தோசை திருப்புகிற மாதிரி என்று நம் ஊரில் சொல்லலாம். அங்கே அவள் அதை எண்ணெயில் மாவுருண்டை திருப்புவதாகச் சொல்வாள்.

பெரிசாத் போன மறுநாள் கதவு வழியாக அந்த வரி வந்தது. எசென்குல் பென்சிலை வைத்துவிட்டுக் கேட்டார். சுத்தம். ஒரு சுரம்கூடப் பிசகவில்லை. மூச்சு விடவேண்டிய இடத்தில் மூச்சு விட்டாள். முடிந்ததும் சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"கெழவா, இது நல்லாயிருக்கு. அழுகை வருது. எதை நெனச்சு எழுதின?"

"சும்மாதான்."

"சும்மா எழுதினவன் மூஞ்சியைப் பாரு."

காப்பியைச் சரிபார்க்கிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. யாராவது சரிபார்த்தால் அவள் இரண்டு நாள் பேசமாட்டாள். காதால் கேட்டது சரியாக இருந்தது. அவருக்கு அது போதுமாக இருந்தது.

முதல் ஒத்திகை அன்று ஈரப்பனி விழுந்தது. தொட்டதும் கரைந்து சேறாகிற பனி. ஜூரகான் பாலூற்றிய தேநீரை பிளாஸ்கில் நிறைத்து, முந்தின நாள் பொரித்த மாவுருண்டைகளைத் துணியில் கட்டிக்கொண்டு, அரங்கத்தில் மூன்றாவது வரிசையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். வாசிக்கிறவர்களில் பாதிப்பேர் அவளுக்குக் கை காட்டினார்கள். முதல் கொம்புக்காரர் கென்னதி எழுந்து நின்றே வணங்கினார். முப்பது வருஷமாக அவள் கையெழுத்தை வாசித்தவர்.

இரண்டு பகுதிகள் ஒழுங்காகப் போயின. இளம் வயலின்காரர்கள் போனை மடியில் வைத்துக்கொண்டு வாசித்தார்கள், இருந்தாலும் வாசித்தார்கள். மூன்றாம் பகுதி தொடங்கியது. தந்திகள் வந்து நின்றன. கொம்பு எடுத்தது.

எசென்குலுக்கு முதலில் தன் காதின்மேல்தான் சந்தேகம் வந்தது. கொம்பு செல்லோக்களுக்கும் அடியில் எங்கோ போய், சேற்றில் கால் மாட்டினதுபோல உழப்பிக்கொண்டிருந்தது. பாட்டு அதே பாட்டு, ஒரு பஞ்சமம் கீழே. அவருக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. இந்த இடத்தில் மட்டும் அவள் பாடினதையே எழுதிவிட்டாள். தூக்கி எழுதவேண்டும் என்பதை மறந்து, வாயில் வந்ததை அப்படியே கைக்கு இறக்கிவிட்டாள்.

ரஹத் கையைத் தட்டி நிறுத்தினான்.

"கென்னதி அண்ணே, அங்க என்ன வாசிக்கிறீங்க?"

"தாள்ல இருக்கறதை."

ரஹத் இறங்கிப் போய்க் கொம்புத் தாளைப் பார்த்தான், திரும்பி வந்து முழுத்தாளைப் பார்த்தான். அரங்கத்தைப் பார்த்துத் திரும்பினான்.

"அகாய், முழுத்தாள்படி ஒரு உயரம் வருது, காப்பிப்படி ஒரு பஞ்சமம் கீழ வருது. எது சரி? இந்தக் காப்பி எஜேதானே எழுதினது?"

"நான்தான் தம்பி" என்று ஜூரகான் எழுந்து நின்றாள். "ஏன், என்ன?"

அறுபது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கையில் பிளாஸ்கின் மூடி நிறையத் தேநீர் இருந்தது. எசென்குல் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"காப்பிதான் சரி" என்றார். "நான் அப்புறமா மாத்தினேன். முழுத்தாள்ல திருத்த மறந்துட்டேன்."

"கீழ தந்திக்காரங்களோட இடிக்குதே அகாய்?"

"இடிக்கட்டும்."

ரஹத் ஒரு கணம் யோசித்தான். அவன் முகம் மலர்ந்தது. "எழுபத்தஞ்சு வயசுல இப்படி எழுத தைரியம் வேணும்" என்று சொல்லிப் பென்சிலை எடுத்து முழுத்தாளில் சரியாக இருந்ததை அடித்துத் திருத்தினான். பின்வரிசையில் யாரோ, "நவீன இசைன்னா இதான், எதை வாசிச்சாலும் சரி" என்றான். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

ஜூரகான் மூடித் தேநீரைக் குடித்துவிட்டு அவர் காதருகில் வந்தாள். "கெழவா, உனக்கு மறதி ஜாஸ்தியாயிடுச்சு. அத்தனை பேர் முன்னாடி என் மானம் போகத் தெரிஞ்சுது."

இடைவேளையில் கென்னதி அவரை நடைவழிக்குக் கூப்பிட்டார். கொம்பைத் தலைகீழாக உதறி எச்சில் தண்ணீரை வடித்துக்கொண்டே மெதுவாகப் பேசினார்.

"எஜே பாடினபடியே எழுதிட்டாங்க, இல்ல?"

எசென்குல் திரும்பி அரங்கக் கதவைப் பார்த்தார்.

"என்கிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது? முப்பது வருஷத்துல அவங்க தாள்ல ஒரு புள்ளி தப்பி நான் பார்த்ததில்ல. அதான் பார்த்ததும் புரிஞ்சுது." மாவுருண்டை ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். "கவலைப்படாதீங்க. தாள் அப்படியே கெடக்கட்டும். நான் பார்க்கும்போதே மனசுக்குள்ள ஏத்தி வாசிச்சுடறேன். கொம்புக்காரனுக்கு இது ஒரு வேலையா? எஜேக்கும் தெரியாது, ஒருத்தனுக்கும் தெரியாது."

எசென்குல் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் ஜூரகான் மாவு இழுத்து நூடுல்ஸ் செய்தாள். மிளகாயை அள்ளிப் போட்டிருந்தாள், உப்பு போடவில்லை. எசென்குல் இரண்டாவது தட்டும் வாங்கிச் சாப்பிட்டார். பெரிசாத் போன் செய்து, "காப்பி எப்படிப்பா இருந்துச்சு?" என்றாள்.

"ஒரு தப்பு இல்ல."

"சரிப்பா" என்றாள். சந்தோஷப்பட்டாளா இல்லையா என்று குரலில் தெரியவில்லை.

கச்சேரி நாளன்று காலையில் கடைசி ஒத்திகை. மூன்றாம் பகுதியில் கென்னதி சொன்னபடியே செய்தார். கொம்பு அதன் இடத்துக்கு ஏறி வந்தது. பித்தளையில், அத்தனை தந்திகளுக்கு மேலே, அந்தப் பாட்டை எசென்குல் முதல்முறையாகக் கேட்டார். பெரிதாக ஒன்றும் எழுதிவிடவில்லை, ஆனால் எழுத நினைத்ததை எழுதியிருக்கிறோம் என்று தோன்றியது. வாழ்நாளில் நாலைந்து தடவைகூட அவருக்கு அப்படித் தோன்றியதில்லை. எட்டுக் கட்டம் போயிற்று.

ரஹத் நிறுத்தினான்.

"அண்ணே, நீங்க ஏத்தி வாசிக்கிறீங்க."

"அப்படியா? நல்லாயிருக்கேன்னு..."

"நல்லாயிருக்கலாம். ஆனா எழுதினவர் உயிரோட எதிர்ல உக்காந்திருக்காரு. அவர் என்ன எழுதினாரோ அதை வாசிக்கிறதுதான் நம்ம வேலை. நமக்கு இனிமையா இருக்குன்னு திருத்தினா அது மரியாதை இல்ல." அவன் திரும்பினான். அவன் முகத்தில் கள்ளமே இல்லை. அதுதான் தாங்கமுடியாததாக இருந்தது. "அகாய், தாள்ல இருக்கறபடிதானே?"

கென்னதி கொம்பை மடியில் வைத்துக்கொண்டு எசென்குலையே பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கெஞ்சுகிற பார்வை. ஆனால் அதற்குள் ஜூரகான் முன்வரிசை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"ஏன்டா கென்னதி, இத்தனை வருஷம் கழிச்சு என் எழுத்து உனக்குப் புரியலையா?"

"புரியுது எஜே. கண்ணு மங்கிப்போச்சு எனக்கு."

"அப்ப தாள் தப்புன்னு சொல்றியா?"

"ஐயோ, சொல்லல எஜே."

"கெழவா, நீ சொல்லு. என் தாள் தப்பா?"

சொல்லியிருக்கலாம். சொன்னால் பாட்டு பிழைக்கும், ஒருவேளை டாக்டர் பார்த்து அவளும் கொஞ்ச காலம் பிழைக்கலாம். அவர் நினைத்துப் பார்த்ததெல்லாம் பேனா இல்லாத சமையலறை மேசையை. அவளுக்காகத்தான் பொய் சொல்கிறோம் என்று சொல்லிக்கொண்டார். பாதி தனக்காகத்தான் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

"தாள்ல இருக்கறபடியே வாசிங்க" என்றார்.

கென்னதி அவரைப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

சாயங்காலம் அரங்கம் முக்கால்வாசி நிறைந்திருந்தது. அமைச்சகத்திலிருந்து ஒருவர் வந்து எசென்குலுக்குக் கரைபோட்ட அங்கி போர்த்தி, உயரத் தொப்பி வைத்து, பெயரைத் தப்பாக உச்சரித்து வாழ்த்தினார். எசென்குல் அங்கியோடே வந்து நடுநாற்காலியில் உட்கார்ந்தார். ஒருபக்கம் ஜூரகான், இன்னொருபக்கம் பெரிசாத். ஜூரகான் ஊதாப்பூப் போட்ட பட்டுத் தலைத்துணி கட்டியிருந்தாள். காலையில் நடந்ததைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. மத்தியானம் தூங்கி எழுந்ததிலிருந்தே ஒரு மாதிரி அமைதியாக இருந்தாள். வரும் வழியில் டாக்ஸியில், "இன்னைக்கு யாரோட கச்சேரி?" என்று கேட்டாள். விளையாடுகிறாள் என்று எடுத்துக்கொண்டு அவர், "ஒரு கெழவனோடது" என்றார். "சரி, கேப்போம்" என்றாள்.

முதல் இரண்டு பகுதிகளும் முடிந்தன. தந்திகள் வந்து ஒரே இடத்தில் நின்றன. கென்னதி கொம்பை எடுத்தார். தாளில் இருக்கிறபடியே, ஒரு சுரம் பிசகாமல், நேர்மையாக வாசித்தார். சேற்றுக்குள் நடந்தது கொம்பு. முன்வரிசையில் ஒரு இளைஞன் கண்ணை மூடி ரசித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

ஜூரகானின் உதடுகள் அசைந்தன. முணுமுணுக்க ஆரம்பித்தாள். எசென்குலுக்கு மட்டும் கேட்கிற அளவில், சரியான உயரத்தில், மூச்சு விடவேண்டிய இடத்தில் விட்டு, அவள் பாட்டை அவள் பாடினாள். நாலு கட்டம் பாடிவிட்டு நெற்றியைச் சுருக்கினாள். அவர் அங்கியைப் பிடித்து இழுத்தாள்.

"தப்பா வாசிக்கிறான்" என்றாள்.

எசென்குல் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவனைச் சொல்லிக் குத்தமில்ல. தாள் தப்பு. பாடினதையே எழுதி வச்சிருக்கா எவளோ. ஊதுறதுக்குத் தூக்கி எழுதணும்னுகூடத் தெரியல." கொம்பு என்ற சொல் அவளுக்கு வரவில்லை, விரலால் மேடையைக் காட்டினாள். "நல்ல பாட்டு. பாவம், எழுதினவன் வயிறு எரியும். யாரு காப்பி எழுதினது?"

பெரிசாத் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"யாருன்னு கேக்கறேன்ல?"

"புதுசா ஒருத்தி" என்றார் எசென்குல்.

ஜூரகான் இரக்கத்தோடு தலையாட்டினாள். அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துத் தட்டிக்கொடுத்தாள். யாரோ தெரிந்த மனிதரை ஆறுதல்படுத்துவதுபோல இருந்தது.

"அவகிட்ட இனிமே எழுதக் குடுக்காதீங்க" என்றாள். அவள் அவரை 'நீங்க' என்று கூப்பிட்டு நாற்பது வருஷம் இருக்கும்.

"இனிமே குடுக்கல" என்றார்.

கொம்புக்கு இன்னும் பாதிக்கு மேல் பாக்கி இருந்தது.